அழைப்புமணியின் மறுமுனை

நான்கு மாதம் சண்டையிட்டுத்தான் அந்த வீட்டைக் காகிதத்தில் கட்டி முடித்திருந்தார்கள்.

நகரத்து வாடகை வீட்டில் ஒருவர் முதுகை ஒருவர் இடித்துக்கொண்டு வாழ்ந்த எட்டுப் பேருக்கு, ஊருக்கு வெளியே வயல்களைப் பார்த்த மேட்டு நிலத்தில் ஒரு செங்கல் வீடு. மூன்று தலைமுறைக்கும் ஒரே கூரை. ஆனால் அவரவருக்கு அவரவர் கதவு. சென்ற வாரம் வரை நடந்த போரெல்லாம் அந்தக் கதவுகளுக்காகத்தான். சுவருக்குப் பூச்சு கூடாது, செங்கல் செங்கல்லாகவே தெரிய வேண்டும் என்று எண்பது வயது அப்பா ஒரு வாரம் பேசாமலிருந்து வென்றார். சமையலறையில் இரண்டு கழுவுதொட்டி வேண்டும் என்று பெரிய மருமகள் அழுது வென்றாள். பள்ளிக்கூடம் போகும் அவளுடைய இரண்டு மகள்களும் கிழக்கு ஜன்னலைக் கூச்சலிட்டு வென்றார்கள். சரக்கு லாரி அலுவலகத்தில் மேனேஜராக இருந்து, வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்ட மூத்த மகன், வாசலை ஒட்டி ஒரு விருந்தினர் அறையை உத்தரவு போட்டே வென்றார்.

எதையும் கேட்காதவள் ஒருத்தி இருந்தாள்.

மேனேஜருக்கும் அவர் தம்பிக்கும் மூத்தவள் என்பதால் அவள் அக்கா. மருமகள்களுக்கும் அக்கா, பிள்ளைகளுக்கும் அக்கா, பால் கொண்டுவருகிறவருக்கும் அக்கா. அம்மா இறந்த வருடம், இருபத்தைந்து வயதில் சமையலறைக்குள் நுழைந்தவள், ஐம்பத்தாறு வயதில் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். தம்பிகள் படிப்பு முடியட்டும் என்று அவள் கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளினார்கள். அவர்களுக்கு வேலை அமையட்டும் என்று இன்னொரு வருடம் தள்ளினார்கள். பிறகு தள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

"அக்காவுக்கு ஒண்ணுமே வேண்டாம். தங்கமான மனுஷி" என்று நான்கு மாதமும் எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள். ஒரு மனிதப் பிறவியைத் தங்கம் என்று சொல்லிவிடுவதில் எவ்வளவு வசதி இருக்கிறது. பசிக்கிறதா என்று தங்கத்தை யாரும் கேட்பதில்லை.

அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை காலை, மேட்டு நிலத்தில் வீட்டுக்குக் கோடு போட்டார்கள்.

வீட்டை வரைந்தவள் சின்ன மருமகள். கட்டட வடிவமைப்பு அவள் தொழில். கணவன் வெளியூர் வேலையில் இருக்க, அவள் தன் படத்தைக் கையில் விரித்துக்கொண்டு விடிந்ததும் வந்துவிட்டாள். மேஸ்திரி முளைக்குச்சிகளை அடித்து நூலை இழுத்துக் கட்ட, அவருடைய ஆட்கள் நூலின் மேல் சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டே போனார்கள். ஒன்பது மணிக்குள் செம்மண் தரையில் ஒரு வெள்ளை வீடு படுத்துக் கிடந்தது. வெளிச்சுவர் ஒன்பது அங்குலம், உள்சுவர் நாலரை அங்குலம். கதவு வரும் இடங்களில் மட்டும் கோடு விட்டிருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு மண் தோண்டும் இயந்திரம் வரும். தோண்டிக் கடைக்கால் போட்டுவிட்டால், அதன் பிறகு எந்தச் சுவரும் யாருக்காகவும் நகராது.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மற்றவர்கள் காரில் வந்து இறங்கினார்கள். அப்பாவை மரத்தடி நாற்காலியில் உட்காரவைத்துப் போர்வையைச் சுற்றிவிட்டவள் அக்கா. ஆட்களுக்கெல்லாம் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தவளும் அக்கா.

மேனேஜர் கோட்டு வீட்டின் தலைவாசல் வழியாக உள்ளே நுழைந்தார். இல்லாத செருப்பு அலமாரியின் பக்கத்தில் செருப்பைக் கழற்றினார். அவர் மனைவி இரண்டு கழுவுதொட்டிகளுக்கு நடுவே போய் நின்று, இரண்டு பக்கமும் கையை நீட்டிப் பார்த்துத் திருப்தியடைந்தாள். மேஸ்திரி சிரித்தார். இதுவரை அவர் கட்டிய வீடுகளிலெல்லாம் கோடு போட்ட அன்றுதான் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்களாம். கூரை ஏறிய பிறகு முகம் மாறிவிடுமாம்.

இந்த வீட்டில் கூரை வரைக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

"மேடம், ஒரு சந்தேகம்" என்றார் மேஸ்திரி, படத்தின் மேல் விரலை வைத்தபடி. "பெரியவர் கட்டில் பக்கத்துல ஒரு அழைப்புமணி போட்டிருக்கீங்க. அதுக்கு ஒயர்க் குழாய் தரைக்கடியில போகணும். நாளைக்கே பள்ளம் எடுக்கறோம், அதான் இப்பவே கேக்கறேன். இவர் இங்க அமுக்கினா, அது எந்த ரூம்ல அடிக்கும்?"

"அக்கா ரூம்ல" என்றாள் சின்ன மருமகள், நிமிராமலே.

"சரி. அது எதும்மா?"

அவள் படத்தில் விரல் வைத்தாள். விரல் நகர்ந்தது. அப்பாவின் அறை, மேனேஜரின் அறை, பிள்ளைகளின் அறை, தன் அறை, வாசலை ஒட்டிய விருந்தினர் அறை, தன் வரைமேசைக்கென்று ஒரு சிறிய அறை. துவைக்கும் இயந்திரத்துக்குக்கூட ஆறுக்கு ஐந்தில் தனி அறை இருந்தது, ஜன்னலோடு. விரல் எல்லா அறைகளையும் சுற்றிவிட்டு, தாளின் ஓரத்துக்கு வந்து நின்றது. படத்தில் அந்த மணியிலிருந்து புறப்பட்ட மெல்லிய கோடு சமையலறைச் சுவர் வரை வந்து, எதிலும் சேராமல் முடிந்திருந்தது.

எட்டுப் பேருக்கு வரைந்த வீட்டில் ஏழு பேருக்குத்தான் படுக்கை இருந்தது.

"மாமா ரூம்லயே படுத்துக்குவாங்கல்ல?" என்றாள் பெரிய மருமகள்.

"பக்கத்துலயே படுத்தா மணி எதுக்கும்மா?" என்றார் மேஸ்திரி. கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாதோ என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நூல்கண்டை எடுத்துச் சுற்றத் தொடங்கினார்.

பிள்ளைகள் அறையில் படுப்பாள் என்றுதான் நினைத்திருந்ததாக மேனேஜர் சொன்னார். இல்லை, கூடத்தில் என்று அவர் மனைவி திருத்தினாள். ஒவ்வொருவரும் அந்த மனுஷியை அடுத்தவர் அறையில் படுக்கவைத்துவிட்டுத் தங்கள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள் என்பது, அந்தத் திறந்த வெளியில், பத்து மணி வெயிலில், ஒளிய ஒரு சுவர்கூட இல்லாமல் வெளிப்பட்டது.

சின்ன மருமகள் காருக்கு ஓடிப்போய்த் தன் கோப்பை எடுத்து வந்தாள். வீடு வரைவதற்கு முன்னால் அவள் கடைப்பிடிக்கும் முறை ஒன்று உண்டு. குடும்பத்தில் ஒவ்வொருவரிடமும் ஒரு தாளைக் கொடுப்பாள். காலை கண் விழிப்பது முதல் இரவு கண் மூடுவது வரை, எந்த மணிக்கு எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று அதில் எழுத வேண்டும். கடைசி வரி, உறங்கும் இடம். அந்தத் தாள்களை வைத்துத்தான் சுவர்களுக்கு இடம் குறிப்பாள். நேர்மையான முறை. மனிதரைப் பார்த்து வீடு கட்டும் முறை. அப்படித்தான் அவள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

எட்டாவது தாள் மேனேஜரின் பச்சை மையில் இருந்தது. அக்காவுக்கு நேரமில்லை, தனக்குத் தெரியாததா என்று அவரே நிரப்பித் தந்திருந்தார். ஐந்து மணி, சமையலறை. ஆறு மணி, அப்பா அறை. ஏழு மணி, சமையலறை. எட்டு மணி, சமையலறை. பக்கம் முழுவதும் அப்படியே இறங்கி, இரவு பத்துக்கு, 'எல்லாரும் சாப்பிட்ட பிறகு பாத்திரம்' என்றிருந்தது. கடைசி வரிக்கு எதிரே வெறும் வெள்ளை.

அந்த வெள்ளையை அவள் இரண்டு மாதம் முன்பே பார்த்திருந்தாள். எங்கோ படுப்பார்கள் என்று நினைத்து அடுத்த தாளைப் புரட்டியிருந்தாள். நான்கு வருடம் அதே வீட்டில், அதே கையால் போட்ட சோற்றைத் தின்றவள். அப்பாவால் இப்போதெல்லாம் சத்தமாகக் கூப்பிட முடியவில்லை, அதனால் மணி வேண்டும் என்று மட்டும் கவனமாக யோசித்திருக்கிறாள். அக்காவை எழுப்புவதற்கு வழி வரைந்த கை, அவள் படுப்பதற்கு இடம் வரையவில்லை.

அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. தன்மேல் வந்த ஆத்திரத்தைத் தாங்க முடியாமல், மனிதர்கள் வழக்கமாகச் செய்வதையே அவளும் செய்தாள். எதிரே இருந்தவர்மேல் பாய்ந்தாள்.

"அத்தான், இது உங்க கையெழுத்து. கூடப் பொறந்தவங்க எங்க படுக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"படம் போட்டது யாரு?" என்றார் மேனேஜர். "காலேஜ்ல போய்ப் படிச்சது யாரு? எங்கிட்ட எகிறாத."

இருவருடைய குரலும் ஏறியது. நீ, நான், உன் தாள், என் படம் என்று தொடங்கி, நான்கு மாதத்துப் பழைய குப்பையெல்லாம் தோண்டாத அந்தப் பள்ளத்தில் கொட்டப்பட்டது. இரு தரப்பும் அக்காவுக்காகத்தான் வாதாடின. அக்காவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் பிளாஸ்க் மூடியைத் திருகி மூடினாள். கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக் கீழே வைத்தாள். பிறகு சமையலறைக் கோட்டைத் தாண்டி நடுவில் வந்து நின்றாள்.

"நான் எங்க படுக்கறேன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

சாதாரணமான குரல். அடுப்பை அணைத்தாயா என்று கேட்கிற அதே குரல். சண்டை நடுவிலேயே அறுந்தது.

மரத்தடியிலிருந்து அப்பாதான் பேசினார். வார்த்தைகள் மெதுவாக வந்தன. "ராத்திரி கூப்பிட்டா உடனே வந்துடுவ, பாப்பா. எங்கிருந்து வர்றேன்னு நான் பார்த்ததில்ல."

ஐம்பத்தாறு வயது மகளைப் பாப்பா என்று அழைக்கும் அன்பு அவருக்கு இருந்தது. அந்த அன்பு ஒரு நாளும் தலையைத் திருப்பி, அவள் எந்த இருட்டிலிருந்து எழுந்து வருகிறாள் என்று பார்த்ததில்லை. முப்பத்தோரு வருட அன்பு. அதை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்வாள்? விரித்துப் படுக்க முடியுமா?

"துவைக்கிற மெஷினுக்கும் பின்கதவுக்கும் நடுவுல" என்றாள் அக்கா. "மூணடி இடம். மெத்தையைப் பாதி மடிச்சுத்தான் போடணும். ராத்திரி நீங்க துணி போட்டுட்டுப் போயிட்டீங்கன்னா, மெஷின் ஆடி நிக்கிற வரைக்கும் உக்காந்திருப்பேன். காலை நீட்டினா அதுல இடிக்கும்."

பெரிய மருமகள் தரையைப் பார்த்தாள். தினமும் பத்தரைக்குத் துணி போடுகிறவள் அவள்தான்.

"இப்ப அந்த மெஷினுக்கு ஜன்னல் வெச்ச ரூம் வந்தாச்சு" என்றாள் அக்கா. "அதுக்கு நல்ல காலம்."



மேனேஜர் நிர்வாகம் தெரிந்தவர். நிலைமை கையை மீறும்போது உடனே ஒரு ஏற்பாட்டை அறிவித்துவிட வேண்டும் என்பது அலுவலகத்தில் அவர் கற்ற பாடம். சாமான் அறையில் தாராளமாக ஒரு கட்டில் போடலாம் என்றார். அதற்கு ஜன்னல் இல்லை என்று சின்ன மருமகள் சொன்னதும், ஒன்று வைத்துவிட்டால் போயிற்று என்றார். பிறகு குரலைத் தழைத்துக்கொண்டு, குடும்பத்தின் அந்தப் பழைய ஆயுதத்தை எடுத்தார்.

"என்னக்கா இது, மூணாம் மனுஷி மாதிரி. உனக்குன்னு தனியா எதுக்கு ரூம்? இந்த வீடே உன்னோடதுதானே."

கேட்பதற்கு எத்தனை இனிமை. முழு வீட்டையும் வாயால் எழுதிக் கொடுத்து, பத்துக்குப் பத்து அறை ஒன்றைக் கையால் மறுத்துவிடும் வித்தை இது. வீட்டின் விளக்கு என்பார்கள், தூண் என்பார்கள். விளக்குக்கும் தூணுக்கும் கட்டில் தேவையில்லை அல்லவா? எந்த வீட்டின் படத்தை வேண்டுமானாலும் விரித்துப் பாருங்கள். பெயர் சொல்லி ஓர் அறை கேட்க முடியாதவர்களுக்குத்தான் முழு வீட்டையும் தாராளமாகக் கொடுத்திருப்பார்கள்.

சின்ன மருமகள் சிவப்புப் பென்சிலை எடுத்தாள். தன் வரைமேசை அறையை அக்காவுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். தான் கூடத்திலேயே வரைந்துகொள்வாளாம். சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. மேனேஜர் நிம்மதியாக மூச்சு விட்டார். விஷயம் முடிந்தது என்று மேஸ்திரியைப் பார்த்துக் கையசைத்தார்.

"வேண்டாம்" என்றாள் அக்கா.

"அக்கா, நான் மனசார..."

"தெரியும்மா. நீ விட்டுக்கொடுத்தா அது உன் ரூம். அதுல நான் படுத்தா, தினமும் நீ கூடத்துல குனிஞ்சு வரையறதைப் பார்த்துக்கிட்டே படுக்கணும். எனக்கு யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். நான் விட்டுக்கொடுத்ததே போதும்."

அவள் நடந்தாள். சுவர்களைத் தாண்டிக் குறுக்கே போகவில்லை. கோடு விட்டிருந்த இடங்களில் மட்டும் நுழைந்து, கூடத்தைக் கடந்து, தலைவாசல் பக்கம் வந்தாள். வாசலை ஒட்டிப் பன்னிரண்டுக்குப் பத்தில் அந்த அறை இருந்தது. சாலையைப் பார்த்து ஒரு ஜன்னல், வயலைப் பார்த்து ஒரு ஜன்னல். அதன் நடுவில் போய் நின்றாள்.

"இது."

"அது விருந்தினர் அறைக்கா" என்றார் மேனேஜர்.

"போன வருஷம் எத்தனை பேரு வந்து தங்கினாங்க, தம்பி?"

அவர் யோசித்தார். "ஒருத்தர்."

"எத்தனை நாள்?"

"மூணு நாள். அதுக்காக? நாளைக்கு நாலு பெரிய மனுஷங்க வருவாங்க. வர்றவங்களை எங்க படுக்கவைக்கிறது?"

"நான் இத்தனை வருஷமாப் படுத்த இடத்துல."

  பெரிய மனுஷர் ஒருவர் துவைக்கும் இயந்திரத்துக்கும் பின்கதவுக்கும் நடுவில், மெத்தையைப் பாதி மடித்துக்கொண்டு, இயந்திரம் ஆடி நிற்பதற்காகக் காத்திருக்கும் காட்சி மேனேஜரின் கண்முன் வந்திருக்க வேண்டும். அவர் முகம் சிவந்தது. அந்த அவமானம் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. விருந்தினருக்கு என்றதும் புரிந்துவிட்டது.

"இத்தனை பெரிய ரூமை வெச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப்போறீங்க, அக்கா?" என்றாள் பெரிய மருமகள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"உள்பக்கமாத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, சும்மா உக்காரப்போறேன்."

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். அவருக்கு வேலை நடக்க வேண்டும். "அப்ப அந்த மணிக் குழாயை இந்த ரூமுக்கு இழுத்துடலாமா?"

"வேண்டாம்" என்றாள் அக்கா. "தம்பி ரூம்ல அடிக்கட்டும்."

"நான் காலைல எழுந்து வேலைக்குப் போகணும்கா."

"நானும் காலைல எழுந்துதாண்டா வேலை பார்த்தேன்."

அந்த 'டா' முப்பது வருடம் கழித்து வெளியே வந்தது. மேனேஜர் ஒரு கணம், மூக்கு ஒழுகப் பள்ளிக்கூட வாசலில் நின்ற பையனைப் போல நின்றார். பிறகு அந்தக் கணத்தையும் வெறுத்து, சீறி எழுந்தார். குடும்ப மானத்தைச் சித்தாட்கள் முன்னால் கோட்டில் போட்டு மிதித்துவிட்டதாகக் கத்தினார். நான்கு மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, தோண்டுவதற்கு முந்தின நாள் கலகம் பண்ணுவது என்ன நியாயம் என்று கேட்டார். அவருடைய காரில் சுத்தமான படம் ஒன்று இன்னும் இருக்கிறதாம். அதன்படிதான் தோண்டுவார்களாம். வீட்டுக்குத் தலைவர் ஒருவர்தானாம்.

"அந்தப் படத்துல என் கையெழுத்து இருக்கு அத்தான்" என்றாள் சின்ன மருமகள். கையிலிருந்த படத்தில் 'விருந்தினர் அறை' என்ற இரண்டு சொற்களையும் சிவப்புப் பென்சிலால் அடித்தாள். பென்சில் முனை ஒடிந்து தாள் கிழிந்தது. "தப்பான படத்துல போட்ட கையெழுத்து. அதை நான் திரும்ப எடுத்துக்கறேன்." படத்தை மேஸ்திரியிடம் கொடுத்தாள்.

மேஸ்திரி கையில் சிவப்புக் கோடு போட்ட படம். மேனேஜர் காரிலிருந்து எடுத்து வந்து நீட்டியது கோடு இல்லாத படம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாளைக்கு எதை வைத்து இயந்திரத்தை ஓட்டச் சொல்வது என்று மேஸ்திரி கேட்டார். 

வேலைக்கென்று இறக்கி வைத்திருந்த செங்கல் அடுக்கிலிருந்து அக்கா ஒன்றை எடுத்தாள். இன்னொன்றை எடுத்து அதோடு தட்டிப் பார்த்தாள். கணீரென்று ஒலித்தது. அதைக் கொண்டுவந்து, அறை வாசலுக்காகக் கோடு விட்டிருந்த இடத்தில், உள்பக்கமாகக் குறுக்கே வைத்தாள். மற்றொன்றைக் கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, காலை முழுதாக நீட்டிக்கொண்டாள்.

அப்போது மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

"பாப்பா, தண்ணி."

எல்லாருடைய தலையும் பழக்கத்தில் அக்காவின் பக்கம் திரும்பியது. அவளுடைய கால்கூட ஒரு முறை பழக்கத்தில் மடங்கியது. அவள் அதைக் கையால் அழுத்தி மறுபடி நீட்டினாள்.

"பாப்பா."

மேனேஜர் காருக்குப் போனார். முன் இருக்கையில் தேடினார். பின் இருக்கையில் தேடினார். சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்தார். அவருடைய அப்பா எந்தப் பாட்டிலில் தண்ணீர் குடிப்பார், அது சூடாக இருக்க வேண்டுமா, எந்தப் பையில் இருக்கும் என்பது ஐம்பத்திரண்டு வயது மகனுக்குத் தெரியவில்லை. மனைவியைப் பார்த்தார், அவளுக்கும் தெரியவில்லை.

வேகமாகத் திரும்பி வந்தார். அந்த அறையை நோக்கி வந்த வேகத்தில் வலது காலைத் தூக்கினார்.

தாண்டுவதற்கு அங்கே என்ன இருந்தது? விரல் கனத்துக்குச் சுண்ணாம்புத் தூள். ஒற்றைச் செங்கல். ஊதினால் பறந்துவிடும் சுவர். இத்தனை வருடம் அக்காவின் எந்த எல்லைக்குள்ளும் கேட்காமல் நுழைந்து பழகிய அந்தக் கால், தூக்கிய இடத்திலேயே ஒரு கணம் நின்றது.

பிறகு கோட்டுக்கு வெளியே இறங்கியது.

"அக்கா" என்றார் மேனேஜர், வெளியிலிருந்தே. "தண்ணி எங்க இருக்கு?"

கோடு இல்லாத படம் அவர் கக்கத்தில் சுருண்டிருந்தது. அதை அவர் இன்னும் கீழே போடவில்லை.